பெட்டியில் மிச்சமிருந்த இடம்

பட்டியலில் மூன்று பொருள்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. அவள் போடவில்லை.

பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் இதுதான் வழக்கம். எங்கே கிளம்பினாலும், வேண்டியதை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுவது அவள். பெட்டியில் அடுக்குவது அவள் கணவன். ஒவ்வொன்றை வைத்ததும் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவான். "டிக் போட்டா பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கு" என்பான்.

அவளுக்குப் பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் வேலை. புதுசாகக் கல்யாணமானவர்களை ஜோடி ஜோடியாகத் தீவுகளுக்கு அனுப்பினாளே தவிர, தன் புருஷனோடு ஒரு கடலில் கால் நனைத்ததில்லை. அவன் "போலாமா, வாலு?" என்று கேட்கும்போதெல்லாம் சீசன். தலைக்கு மேல் வேலை. "என்னைப் பெட்டியில வச்சுத் தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு" என்பாள். அவனும் சிரித்துவிட்டுப் போய்விடுவான். மூன்று மாதத்துக்கு முன் நெஞ்சில் நீர் கோத்து, மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தான்.

அப்புறம்தான் தீவில் அறை போட்டாள். அதுவும் இரண்டு பேருக்கு. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் 'ஒருவர்' என்று அடிக்கக் கை வரவில்லை. கடலைப் பார்த்த ஜன்னல், சாயங்காலம் மணலில் இருவருக்கு மேசை என்று அவன் ஆசைப்பட்டதில் ஒன்றையும் விடவில்லை. நேற்று பட்டியலும் எழுதி ஒட்டினாள். அவனது நீலச் சட்டை. வைக்கோல் தொப்பி. தன் மஞ்சள் புடவை. எழுதி முடித்து, அலமாரிக் கதவில் நெற்றியைச் சாய்த்து வெகு நேரம் அழுதாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தூக்கக் கலக்கத்தில் நாமே வட்டம் போட்டிருப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது போன் அடித்தது. கூட வேலை பார்க்கும் பெண்.

"அக்கா, ஒரு சின்னக் குழப்பம். அந்தத் தீவு ஓட்டல்லேர்ந்து எழுதியிருக்காங்க. உங்க ரூமுக்கு ஒருத்தர் காலையிலயே வந்துட்டாராம்."

"அடுத்த வாரம்தானே போட்டிருக்கேன்?"

"அதான் பாருங்க. ஒரு பெட்டிய வீட்டுலயே விட்டுட்டேன்னு சொல்லி, எடுக்கக் கிளம்பிட்டாராம். வேற யாரையோ மாத்திப் பதிஞ்சிருக்காங்க. நான் பேசிக்கிறேன், நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

போனை வைத்தாள். மழைச் சத்தத்துக்கு அடியில், படுக்கையறையிலிருந்து இன்னொரு சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது, துணியை உதறி, மடித்து, உள்ளங்கையால் நீவிவிடும் சத்தம், பன்னிரண்டு வருடம் அவள் கேட்டுப் பழகிய அதே நிதானத்தில். உப்பு வாடை வந்தது. அதோடு கலந்து ஆஸ்பத்திரி வாடையும். ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் போலவும் இருந்தது.

பார்க்கத்தான் போனாள்.

நடையில் மணல். ஈர மணல்.

கட்டிலின் மேல், பரணில் கிடந்த பெரிய பெட்டி திறந்திருந்தது. துணிகள் ஓரங்களில் மட்டும் அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு பள்ளம். முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் படுத்தால் ஒரு ஆள் கொள்ளும். அவள் தூங்குவது அப்படித்தான். தலைப்பக்கம் நீலச் சட்டை, தலையணை மாதிரி மடித்து வைத்திருந்தது.

அலமாரிக் கதவைப் பார்த்தாள். பட்டியலின் கடைசியில் புதிதாக ஒரு வரி. அவன் கையெழுத்து.

வாலு.

அதைச் சுற்றி வட்டம் இல்லை. இன்னும்.

பின்னால் மூச்சு. நீருக்குள்ளிருந்து விடும் மூச்சு.

"ஏங்க," என்றாள். "பயமா இருக்குங்க."

எப்போதும் சொல்லும் பதில் நாக்கு நுனி வரை வந்தது. சீசன் முடியட்டும். எத்தனை தரம் சொல்லியாகிவிட்டது. இந்தத் தரம் சொல்ல மனசு வரவில்லை.

தோளில் இரண்டு கைகள். சில்லென்று. ஊறி வெளுத்த விரல்கள்.

"முழங்கால மடக்கிக்கோ, வாலு," என்றது குரல். அன்பாகத்தான் சொன்னது.

பெட்டிக்குள் மணல் விலாவில் உறுத்தியது. கால்மாட்டில் ஜிப் நகரத் தொடங்கியது. வெளிச்சம் ஒரு கோடாகக் குறுகியது. அந்தக் கோட்டின் வழியே அலமாரிக் கதவு தெரிந்தது. பேனா பிடித்த ஈரக் கை அவள் பெயரைச் சுற்றி, அவசரமே இல்லாமல், வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.