கிராணி வீட்டுச் சாமி

"ஐயோ... எலும்பு!"

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான் கூலியாள்.

ஜெலாப்பாங் ஊரைத் தாண்டி, எப்போதோ மூடிப்போன ரப்பர் தோட்டம். தொழிலாளிகளை வேலைக்குக் கூப்பிட்ட மணிக்கூண்டையும், பேர் கூப்பிட்டுக் கணக்கெழுதிய கிராணியின் வீட்டையும் பழுதுபார்த்து மியூசியம் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். கொல்லையிலிருந்த முனியாண்டி கல்லைப் பூசாரியை வைத்துப் பெயர்த்து, வேறிடத்தில் வைக்க ஏற்பாடு.

பெயர்த்தால்... அடியில் மனிதன்!

துப்புரவு வேலைக்கு வந்திருந்த கலாதேவி கூட்டத்தை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

கால் எலும்பில் ஒரு ஸ்டீல் தகடு. ஆறு ஸ்க்ரூ.

மறுபடி எண்ணினாள். லாரி மோதியபோது அவள் புருஷன் மாயாண்டிக்குத் தைப்பிங் ஆஸ்பத்திரியில் வைத்த தகடு. எக்ஸ்ரே படத்தில் அவளே எண்ணிப் பார்த்த ஆறு.

மாயாண்டி சிங்கப்பூருக்கு ஓடிவிட்டான் என்றுதான் முப்பத்திரண்டு வருஷமாகப் பேச்சு. வெள்ளி தவறாமல் இந்தக் கல்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அவரை அனுப்பி வை என்று அழுதவள் அவள். பாவி மகள், வேறென்ன செய்வாள்?

தகவல் கிடைத்து வந்த இன்ஸ்பெக்டர் பாஸ்கல், அவள் சொன்னதைக் கேட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சிங்கப்பூர் போனாருன்னு யாரு சொன்னாக்கா?"

"மகேந்திரன் அண்ணே. பஸ் ஏறுனத பாத்தேன்னாரு. அப்ப இங்க கிராணி அவருதான்."

"இந்தக் கல்லு?"

"இவரு காணாப்போன மறுநாளு நட்டாரு. சாமி கனவுல எடம் கேட்டுச்சாம். யாரும் தோண்டக்கூடாதுன்னு..."

சட்டென்று நிறுத்தித் திரும்பினாள்.

கல்லைத் தொடாதே என்று காலையிலிருந்து மறித்துக்கொண்டிருந்த கிழவர் மகேந்திரன், பத்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாஸ்கல் பக்கத்தில் போனதுமே எல்லாம் கொட்டியது. தோட்டத்து உறைந்த ரப்பர்க் கட்டிப்பாலை அவர் திருட்டுத்தனமாக விற்றதை மாயாண்டி பார்த்துவிட்டான். மானேஜரிடம் சொல்வேன் என்றான். மண்டையில் ஒரே அடி! சாமியை நட்டுவிட்டால் எந்தத் தமிழனும் அங்கே தோண்டமாட்டான் என்று தெரியும்.

கலாதேவி கேட்டாள்.

"என்னைய ஏன் அண்ணே இங்க வந்து கும்பிடச் சொன்னீங்க?"

"நீ வேற எங்கயும் தேடிப் போகாம இருக்கணும்ல..."

மகேந்திரனை விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். அதனால் அவளுக்கு என்ன வந்தது? காத்திருக்கவும் இனி ஆள் இல்லை. வெள்ளிக்கிழமைகள்தான் மிச்சம்.

"வீட்ல விடவாக்கா?" பாஸ்கல் கேட்டார்.

"வேணாம் சார். சாமியக் குத்தம் சொல்ல முடியாது லா. கேட்ட புருஷன என் காலடியிலயே வச்சிருந்துச்சு... நான்தான் கண்ண மூடிக் கும்பிட்டுட்டேன்."