சாமி மேடையில் ஒரு ரௌட்டர்

துளசியின் வீட்டுக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் அது முதலில் சாமி மேடைக்குத்தான் போகும். பள்ளிப் பையோ, குக்கரோ, அப்பாவின் கைப்பேசியோ, எதுவானாலும் அம்மா விஜயராணி குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிய பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். புதுச் செருப்புக்கு மட்டும் இந்த மரியாதை கிடையாது.

சாமி மேடை என்றால் கதவு கழன்ற ஒரு பழைய இரும்பு அலமாரி. சமையலறைக்குப் போகும் வழியில், மூலையில் நிற்கும். உள்ளே சாமி படங்கள், பித்தளை விளக்குகள், எவர்சில்வர் தட்டுகள்.

அவர்கள் வீடு மலேசியாவில் ஜெராம் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தது. துளசி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தாள். அக்கா லோகேஸ்வரிக்கு டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. சின்ன வயதில் வீட்டுக் கோழிகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்தப் பார்த்தவள் அவள். கோழிகள் உட்காரவில்லை; ஆசையும் போகவில்லை. இப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை, வீட்டிலிருந்தே கணினியில் பேச வேண்டும்.

அங்கேதான் சிக்கல். வயர் வழியாக வரும் இணையத்தை வீடு முழுக்க வைஃபையாக அனுப்பும் ரௌட்டர் பழசாகிவிட்டது. நேர்காணலுக்குப் பழக, தோழியோடு அக்கா கணினியில் பேசிப் பார்த்தபோது அவள் முகம் வாய் திறந்தபடி திரையில் அப்படியே நின்றுவிட்டது. பல் டாக்டரிடம் போன மாதிரி இருந்தது என்று தோழி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

புது ரௌட்டர் வாங்க அப்பா சுகுமாறன் துளசியையும் கூட்டிக்கொண்டு கோலா சிலாங்கூர் டவுனுக்குப் போனார். அப்பா லோரி ஓட்டுகிறவர். எதிலும் பெரியதுதான் நல்லது என்பது அவர் கட்சி. கடைக்குள் நுழைந்ததுமே, நாலா பக்கமும் கொம்பு நீட்டிக்கொண்டு நண்டு மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு கறுப்பு ரௌட்டரின் மேல் கை வைத்துவிட்டார்.

கடைக்கார ஷஹீதா ஆன்ட்டி அவசரப்படவில்லை. வீடு எவ்வளவு பெரியது, எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், மாடி உண்டா என்று கேட்டார். அப்பா நண்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் துளசிதான் பதில் சொன்னாள். சின்ன வீடு, மாடி இல்லை, இருப்பது நாலே பேர்.

பிறகு அவள் கேட்டாள்: "ஆன்ட்டி, எங்க வீட்டுக்கு வர்ற லைன் இந்த நண்டு ஓடுற வேகத்துக்கு ஓடுமா?"

ஓடாது என்று ஆன்ட்டி உண்மையைச் சொன்னார். லைன் மெதுவாக வந்தால் நண்டு சும்மா தூங்கத்தான் செய்யும். உடனே துளசி, கடை அலமாரி ஓரத்தில் இருந்த சின்ன வெள்ளை ரௌட்டரே போதும் என்றாள். பதினோரு வயதில் அத்தனை கொம்புகளைப் பார்த்தும் மயங்காமல் நிற்பது லேசுப்பட்ட காரியமா? நானாக இருந்தால் நண்டைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளை ரௌட்டர் சாமி மேடைக்குப் போனது. பழையதும் அங்கேதான் இருந்தது. அது அங்கே வந்த வருடம்தான் அக்கா பெரிய பரீட்சையில் நன்றாகத் தேறினாள். அதனால் அந்த இடத்தை மாற்ற அம்மாவுக்கு மனமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா தன் அறையில் மறுபடியும் பேசிப் பார்த்தாள். மறுபடியும் முகம் உறைந்து நின்றது. அந்த நண்டையே வாங்கியிருக்கலாம் என்று அப்பா முணுமுணுத்தார். சாமி மேடைக்கு முன்னால் உட்கார்ந்து பேசச் சொன்னார். அங்கே பேசினால் அம்மா தாளிக்கும் சத்தமும் பக்கத்து வீட்டுச் சேவலும் சேர்ந்து பதில் சொல்லும் என்றாள் அக்கா. சொல்லும்போதே அவள் கண் கலங்கியது.

சின்ன ரௌட்டரைத் தேர்ந்தெடுத்தவள் துளசிதானே. ஆனாலும் அவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. அப்பாவின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். சாமி மேடைக்கு நேர் எதிரே வைஃபை கோடுகள் நிறைந்து நின்றன. அலமாரியின் பக்கவாட்டுக்கு வந்ததும் குறைந்தன. அக்கா அறையில் ஒரே ஒரு கோடு.

இரும்புதான் மறைக்கிறதோ? அக்காவின் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, காலி பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினாள். அப்பாவின் கைப்பேசியில் கோடுகள் குறைந்தன. டின்னைத் திறந்தாள். கோடுகள் திரும்பி வந்தன. எவ்வளவு கெட்டிக்காரப் பெண் பாருங்கள்!

இனி அம்மாவிடம் சொல்ல வேண்டும். சாமி மேடையில் குறை சொன்னால் அம்மா மனம் நோகும். துளசி வாசலில் நின்ற அப்பாவின் லோரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, லோரி புதுசா வந்தப்ப பூசை போட்டீங்கல்ல?"

"ஆமா. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துனோமே."

"அப்புறம் லோரி எங்கம்மா போச்சு?"

"வேலைக்குத்தான் லா. பூசை போட்ட எடத்துலயே நிப்பாட்டி வச்சா பொழப்ப யாரு பாக்குறது?"

துளசி ரௌட்டரைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தார்.

"அதையும் வேலைக்கு அனுப்பணும்ங்கிற?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பூசைதான் ஆயிடுச்சேம்மா. இரும்புக்குள்ள இருந்தா அதால அக்கா ரூமுக்கு வர முடியல."

துளசி டின்னை வைத்துக் காட்டினாள். அம்மா அந்த வேடிக்கையை இரண்டு தடவை பார்த்தார். பிறகு சாமியைக் கும்பிட்டுவிட்டு, தன் கையாலேயே ரௌட்டரை எடுத்தார். சுருட்டிக் கிடந்த வயரை அப்பா பிரித்து இழுத்தார். ஹாலில், அக்கா அறைக்கு எதிரே இருந்த மரப் பலகையின் மேல் ரௌட்டர் போய் உட்கார்ந்தது.

சனிக்கிழமை காலை அக்காவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே மூன்று பேரும் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

"என் தங்கைக்கு 'அ' எழுதச் சொல்லிக் கொடுத்தது நான்தான். இப்போது அவள் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் நிறைய வேண்டும்" என்றாள் அக்கா. ஒரு சொல்கூட அறுந்து போகவில்லை.

துளசிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. யாரும் பார்க்காமலிருக்க ரௌட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தாள். அதற்கு அடியில் அம்மா ஓர் எலுமிச்சம்பழத்தைச் செருகி வைத்திருந்தார். பச்சை விளக்கு மின்ன, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, ரௌட்டர் மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.