அறுபத்தாறு வசவுகள்

மழைக்கு ஒதுங்க ஓடிவந்த வேகத்தில் அவள் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ள, அதே நொடியில் உள்ளிருந்து ஒருவன் இழுக்க... அவ்வளவுதான். குடை ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம். போதாக்குறைக்கு அவன் தடுமாறி ஓரடி பின்னால் வைத்தான். காலடியில் 'கறுக்'கென்று சத்தம்.

“கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“எனக்குத் தெரியுதுங்க. உங்களுக்குத்தான் இனிமே தெரியாது,” என்றான் அவன், உடைந்ததைக் குனிந்து எடுத்தபடி. “எதிர்த் தெருவுல கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் வாங்க, சரி பண்ணித் தர்றேன். காசெல்லாம் வேண்டாம்.”

கண்ணாடி இல்லாத அவளுக்கு அவன் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தக் கண்கள் சிவந்திருந்தது மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. மழைத் தண்ணீர் பட்டா கண் இப்படிச் சிவக்கும்? அவள் யோசித்து முடிப்பதற்குள் அவன் மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

“பாவம்க்கா,” என்றாள் வரவேற்பறைப் பெண். “மூணாவது தடவையா வர்றாரு. நம்ம இணையதளத்துல யாரோ எழுதின கருத்தையெல்லாம் எடுத்துட்டாங்களாம். மெயில் போடுங்கன்னு அனுப்பிட்டேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. எடுப்பது அவள்தானே.

பழைய தொலைக்காட்சித் தொடர்களை இணையத்தில் காட்டும் நிறுவனம் அது. நாலு பேர் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அடிக்கும் கூத்தைச் சொல்லும் இருபது வருடம் பழைய நகைச்சுவைத் தொடர் ஒன்றை அண்மையில்தான் ஏற்றியிருந்தார்கள். ஏற்றிய நாள் முதல் கீழே கருத்துகளில் ஒரே குடுமிப்பிடி. 'என் கல்யாணம் முறிஞ்சப்போ என்னைச் சோறு சாப்பிட வெச்சது இந்தத் தொடர்தான்' என்று ஒருவர் உருகுவார். 'வேலைக்கே போகாத நாலு பேருக்கு இவ்வளவு பெரிய வீடு எவன் குடுத்தான்' என்று அடுத்தவர் மடக்குவார். 'ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னணியில சிரிக்கிறவங்களுக்குச் சம்பளம் உண்டா?' என்பார் மூன்றாமவர். பாராட்டோ திட்டோ, தொடரைப் பற்றி இருந்தால் விட்டுவிட வேண்டும். பார்ப்பவரைத் திட்டினால் வெட்ட வேண்டும். அதுதான் அவள் வேலை. இரண்டு வருடத்தில் அவள் வெட்டியதில் ஒன்றுகூடத் தவறென்று திரும்பி வந்ததில்லை. அலுவலகத்தில் அவளுக்குக் 'கத்தரிக்கோல்' என்றே பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மறுநாள் கடையில் அவன் அவள் கண்களை அளந்தான். “நேரா என் காதைப் பாருங்க... இமைக்காதீங்க...” கையில் அளவுகோலோடு ஒரு முழம் தூரத்தில் அவன் முகம். அவனுக்குத் தொழில். அவளுக்கு மூச்சு எங்கே விடுவதென்றே தெரியவில்லை.

“எங்க ஆபீஸ்ல உங்களுக்கு என்ன வேலை?” என்று மெல்லக் கேட்டாள்.

அவன் சொன்னான். ஆறு வருடம் ஒரு நண்பனோடு ஒரே அறையில் இருந்தான். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு, பழைய சி.டி.யில் அந்தத் தொடர். இவனுக்கு உயிர், நண்பனுக்கு வேப்பங்காய். இவன் சிரிக்கச் சிரிக்க அவன் திட்டுவான்.

“அப்புறம் அவனுக்கு உடம்புக்கு முடியாமப் போச்சு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே உங்க தளத்துல தொடரை முழுசா மறுபடி பார்த்திருக்கான். கடைசியா என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? 'அறுபத்தாறு எபிசோட். ஒவ்வொண்ணுக்கும் கீழ உன்னைத் திட்டி எழுதி வெச்சிருக்கேன். நான் போனப்புறம் படி'ன்னான்.” அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். “அவன் போய் ரெண்டு மாசம் என்னால அந்தப் பக்கமே போக முடியல. போன வாரம்தான் திறந்தேன். ஒண்ணுகூட இல்லைங்க.”

“என்ன பேர்ல எழுதினாரு?” என்று கேட்டாள்.

“பக்கத்துக் கட்டில்.”

அவளுக்குத் தெரிந்த பெயர்தான். 'பக்கத்துக் கட்டில்'... 'டேய் எருமை, இதுக்கா பல்லைக் காட்டுற?' என்று எல்லாவற்றுக்கும் கீழே எழுதிய அந்த ஆசாமி. நம்மைத்தான் திட்டுகிறான் என்று பார்வையாளர்கள் புகார் அனுப்ப, புகார் வந்த வரிசையில் பதினெட்டே நாளில் அறுபத்தாறையும் அவள்தான் வெட்டினாள். ஒரே ஒரு எருமைக்காக எழுதியது என்று யாருக்குத் தெரியும்?

“நீங்க அங்க எந்தப் பிரிவு?” என்று கேட்டான்.

“நானா... வசனம் எழுத்துல போடுவோமே, அந்தப் பிரிவு.”

பொய் அத்தனை சுலபமாக வந்தது.

வெட்டியவை முப்பது நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். அப்புறம் அடியோடு போய்விடும். திறந்து படிப்பதோ திருப்பி எடுப்பதோ மேலதிகாரியால் மட்டுமே முடியும். அதற்கு 'என் தவறு' என்று எழுதித் தர வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தாள். முதலில் வெட்டியது நாளை மறுநாள் போகிறது. நாளைக்கே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

நாளைக்கும் சாயங்காலம் வந்தது. புதுக் கண்ணாடி மூக்கில் உட்காரவில்லை என்று போனாள். அடுத்த நாள் காதில் உறுத்துகிறது என்று போனாள்.

“உங்க காது ரொம்பத்தான் செல்லம் கொஞ்சுதுங்க,” என்றான் அவன், இரண்டு டீயோடு.

“கடைக்காரர் சரியா இருந்தா காது ஏன் கொஞ்சுது?”

அவன் சிரித்தான். நண்பன் போனதிலிருந்து இப்போதுதான் சிரிப்பு வருகிறது என்றும் சொன்னான். அதற்கப்புறம் அவள் எப்படி வாயைத் திறப்பாள்? 'கத்தரிக்கோல்' தப்பு செய்தாள் என்று அலுவலகம் சிரிக்கும் என்பது ஒரு பக்கம். இந்தக் கண்கள் தன்னை வேறு மாதிரி பார்த்துவிடும் என்பது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் அவள் தினமும் டீ குடித்தாள். தினமும் மூன்றோ நான்கோ வசவுகள் இருந்த இடம் தெரியாமல் போய்க்கொண்டிருந்தன. காலையில் முதல் வேலையாக எண்ணிக்கையைத்தான் பார்ப்பாள். ஐம்பத்தொன்று... முப்பத்தெட்டு... இருபது...

ஒன்பது என்று வந்த காலையில் அழுதேவிட்டாள். எழுந்து நேராக மேலதிகாரியின் அறைக்குப் போனாள்.

“என் தப்புதான் மேடம். எழுதித் தர்றேன்.”

அந்த அம்மாள் திரையைப் பார்த்தார். நாலு தட்டு தட்டினார். ஒன்பதும் திரும்பி வந்தன. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“இது எல்லாருக்கும் நடக்கிறதுதானே. முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமேம்மா,” என்றார்.

திட்டியிருந்தால்கூட அவளுக்கு அத்தனை வலித்திருக்காது.

அன்று சாயங்காலம் கடையில் ஆளில்லை. வெளியே மழை. அவன் வழக்கம்போல் “இன்னைக்குக் காதா, மூக்கா?” என்றான். அவள் உட்காரவில்லை.

“உங்க நண்பர் எழுதினது ஒன்பது திரும்பி வந்திருக்கு.”

அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியை அவளால் பார்க்க முடியவில்லை. “மிச்சமும் வருமாங்க?”

“வராது. அழிஞ்சுபோச்சு.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “அழிச்சது நான்தான். என் வேலையே அதுதான். உங்ககிட்ட பொய் சொன்னேன். முதல் நாள் நான் இங்க வந்தப்போ அறுபத்தாறும் இருந்துச்சு... அன்னைக்கே கேட்டிருந்தா எல்லாமே வந்திருக்கும். உங்களோட உக்காந்து டீ குடிச்ச ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா போச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இருந்தேன்.”

அவன் மேசைமேல் கிடந்த திருப்புளியை எடுத்து உறையில் வைத்தான். ஒவ்வொரு விளக்காக அணைத்தான்.

“ஏன்?” என்றான் கடைசியில்.

“முதல்ல கர்வம். அப்புறம்... உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு. சொன்னா வரக் கூடாதுன்னுடுவீங்களோன்னு பயந்தேன். மன்னிக்கச் சொல்ல வரல. தெரியாம இருக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்.”

திரும்பிக் கதவுவரை போய்விட்டாள்.

“நீங்க படிச்சீங்களா?” பின்னாலிருந்து வந்த குரல் அவனுடையது மாதிரியே இல்லை. “அறுபத்தாறையும்?”

“படிச்சுத்தான் அழிச்சேன்.”

“ஒண்ணாவது ஞாபகம் இருக்கா?”

இருந்தது. நாலு பேரும் வீட்டைப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போகும் கடைசி எபிசோடுக்குக் கீழே எழுதியது. முதல் புகார் அதற்குத்தான் வந்தது. முதலில் வெட்டியதும் அதைத்தான். அவள் விரல் கொஞ்சம் தயங்கியது. ஆனால் 'எருமை' என்ற சொல் விதிக்கு விரோதம். காது உறுத்துகிறது என்று அவள் இந்தக் கடையில் கொஞ்சிக்கொண்டிருந்த அன்று அது அடியோடு போனது.

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “'டேய் எருமை, கடைசி வரைக்கும் வந்துட்டியா. இந்தத் தொடர் எனக்கு ஒரு நாளும் பிடிச்சதே இல்லடா. நீ சிரிக்கிற சத்தம் கேக்கணும்னுதான் ஆறு வருஷம் உக்காந்து பார்த்தேன். நிறுத்திடாதே.'”

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விம்மினான். தொடவா, வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவருகிலேயே நின்றாள். அவள் கண்ணிலும் நிற்காமல் வழிந்தது.

வெகுநேரம் கழித்து அவன் தலை தூக்கினான்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“எதை... பிடிச்சிருக்குன்னு சொன்னதையா?”

“அதையும்தான்,” என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். “முதல்ல அவன் சொன்னதைச் சொல்லுங்க.”