ஜெசிந்தாவின் நேரம்

காலையில் எழுந்ததும் ரித்தீஷ் முதலில் தேடுவது விழிக்கண்ணாடியைத்தான். பல் தேய்ப்பது, காபி குடிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. கண்ணாடியை மாட்டி, காதோரப் பொத்தானை அழுத்திக் காவல் பார்வைக்கு மாற்றிவிட்டால் வேலூரின் மனிதர்கள் எல்லோரும் சாம்பல் நிற உருவங்களாகிவிடுவார்கள். முகம் தெரியாது, சேலையின் நிறம் தெரியாது. வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காமல் குற்றத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று நகரசபை செய்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு என்றுதான் ஊரே நம்பியது. ரித்தீஷ் கொஞ்சம் அதிகமாகவே நம்பினான்.

ரித்தீஷ் என்ற பெயர் இப்போது ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் இருக்கிறது; இளசுகள் கேட்டால் சிரிக்கும். அவனை ஒத்த வயதுக்காரர்கள் கடைத்தெருவிலோ பேருந்திலோ அவ்வப்போது காவல் பார்வைக்கு மாறுவார்கள், அலுத்துப்போனால் அணைத்துவிடுவார்கள். இவன் அணைப்பதே இல்லை. எதிரில் வருகிறவர் வணக்கம் சொன்னால் குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பான். நாளடைவில் யாரும் வணக்கம் சொல்வதில்லை. அதை அவன் கவனிக்கவும் இல்லை.

வீட்டிலும் அதே கதைதான். ஊற்றிய தோசையைத் தட்டில் வைத்துவிட்டு அவன் மனைவி தன்ஷிகா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சாப்புடறப்பவாவது அதக் கழட்டக்கூடாதா? என் மூஞ்சியப் பாத்து எத்தினி நாளாச்சு உங்களுக்கு?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு தன்ஷி. பெருசா ஒரு குத்தம் மாட்டுனா போதும், விருது நமக்குத்தான். யாருக்காக அலையறேன்? உனக்காகத்தான?"

"எனக்கு இப்ப தேவலாம்ங்க."

"ஒண்ணும் செய்யாமலே எப்படித் தேவலாம் ஆவும்? சும்மா என்னச் சமாதானப்படுத்தாத."

அவள் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் சொன்னது பொய்யில்லை. தன்ஷிகாவுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. வெயில் அவளுக்கு ஆகாது. வேலூர் வெயிலோ முன்பு போல வெறும் வெயில் இல்லை. முற்பகலில் வெயில் சங்கு ஊதினால் தெருவில் ஈ காக்கை இருக்காது. மைதானத்துக்கு அடியில் தோண்டிய குளிரகத்தில் ஒவ்வொருவருக்கும் அன்றாடம் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கையில் மாட்டிய நேரக்காப்பில் அந்த நேரம் இருக்கும். தீர்ந்தால் கதவு வெளியே அனுப்பிவிடும். தன்ஷிகாவுக்கு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்டால் தர ஊரில் குளிர் ஏது? கூடுதல் நேரம் கிடைக்க இருந்தது ஒரே வழி, பெரிய குற்றத்தைக் காட்டிக்கொடுப்பவருக்கு நகரசபை தரும் விழிப்பு விருது.

அன்று மதியம் குளிரக வாசலில் அவன் தேடியது கிடைத்தது. ஒரு சாம்பல் உரு தன் நேரக்காப்பைக் கழற்றி, சுவரோரமாக நின்ற இன்னொரு உருவின் கையில் மாட்டிவிட்டது. மாட்டியபின் அந்தக் கையை ஒருமுறை தட்டியும் கொடுத்தது. வாங்கிய உரு உள்ளே போனது. கொடுத்த உரு வெளியிலேயே சுவரின் துண்டு நிழலில் உட்கார்ந்தது. நேரக் கைமாற்று! அதைவிடப் பெரிய குற்றம் நகரசபைச் சட்டத்தில் கிடையாது. ரித்தீஷ் கண்ணாடியின் புகார்ப் பொத்தானை அழுத்தினான். அவனுக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

கண்ணாடியைக் கழற்றி ஒரு நொடி பார்த்திருக்கலாம். அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

விருது விழா நகர மண்டபத்தில் நடந்தது. அதில் ஒரு வழக்கம் உண்டு. பரிசை அமைச்சரோ அதிகாரியோ கொடுக்க மாட்டார்கள். மாட்டிக்கொண்டவரே மேடையேறி, மாட்டிவிட்டவருக்குத் தன் கையால் கொடுக்க வேண்டும். பகை வளராமலிருக்க இதுதான் மருந்து என்று யாரோ ஒரு மனநல நிபுணர் சொல்லிவைத்திருந்தார். மேடையில் மட்டும் கண்ணாடி கூடாது. ரித்தீஷ் கழற்றினான். கண் கூசியது.

"தன் நேரத்தை இன்னொருவருக்குக் கொடுத்தவர், காப்பின் எண்ணால் கண்டறியப்பட்டார்," என்று அறிவிப்பாளர் வாசித்தார். "யாருக்குக் கொடுத்தார் என்று சொல்ல மறுத்துவிட்டார். ஆகவே இந்தக் கோடை முழுவதற்குமான அவரது குளிர் நேரம் பறிக்கப்பட்டு, பொறுப்புள்ள குடிமகன் ரித்தீஷின் குடும்பத்துக்கு வழங்கப்படுகிறது."

கைதட்டலுக்கு நடுவே படியேறி வந்தவள் ஜெசிந்தா. எதிர்வீட்டு ஜெசிந்தா. கறிவேப்பிலை இல்லையென்றால் தன்ஷிகா தட்டுகிற கதவு அவளுடையது. அவன் திடுக்கிட்டு முன்வரிசையைப் பார்த்தான். தன்ஷிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னம் எவ்வளவு ஒட்டிப்போயிருக்கிறது என்பதையே அவன் அப்போதுதான் பார்த்தான். யாருக்குக் கொடுத்தாள் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜெசிந்தா அவன் கையில் பரிசுக் காப்பை மாட்டினாள். குனிந்த தலையோடு மெதுவாகச் சொன்னாள்: "வீட்டுல தன்ஷிய ஒண்ணும் திட்டாதீங்கண்ணா. அவ வேணான்னுதான் சொன்னா. நான்தான் கட்டாயப்படுத்துனேன்."

அவன் முன்னால் ஒலிவாங்கி வந்தது. விருது பெற்றவர் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று உண்டு. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் புகாரைத் திரும்பப் பெற்றால் வாங்கியது யார் என்று விசாரிப்பார்கள், தன்ஷிகாவைத் தேடி வருவார்கள் என்று மனம் அவசரமாக ஒரு நியாயம் கண்டுபிடித்தது. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி வெறும் பயம். அது அவனுக்கே தெரிந்தது.

"என் கண், ஊரின் கண்," என்றான் ரித்தீஷ். மறுபடியும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்ட சொல்றது?" என்றாள் தன்ஷிகா. "வூட்டுல நகரசபைதான உக்காந்துனு இருந்துச்சு."

மறுநாள் வெயில் ஏறியதும் மூவரும் குளிரக வாசலில் இருந்தார்கள். ஜெசிந்தாவுக்கு உள்ளே இடமில்லை. அவள் வீட்டுத் தகரக்கூரை அடுப்பாகக் கொதித்ததால் சுவர் நிழலுக்கு வந்திருந்தாள். தன்ஷிகா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ரித்தீஷ் பரிசுக் காப்பைக் கழற்றி நீட்டினான்.

"எழுந்திரு தன்ஷி. உனக்குன்னு வாங்குனது."

"அவ நேரத்துல நான் போயி எப்படி உக்காருவேன்? அசிங்கமா இல்ல உங்களுக்கு?"

"இருக்கு," என்றான். அவ்வளவு சுலபமாக அந்தச் சொல் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பிறகு ஜெசிந்தாவிடம் திரும்பினான். "நீயாவது வாங்கிக்கம்மா. உன்னுதுதான இது."

அவள் இரண்டு கைகளையும் மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "வேணாண்ணா. இன்னொரு வாட்டி கைமாத்துன்னு புடிச்சா ஊர விட்டே அனுப்பிடுவாங்க. சுத்திப் பாருங்க."

அவன் பார்த்தான். வரிசையில் நின்றவர்கள் எல்லோர் கண்ணாடியிலும் காவல் பார்வையின் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அவன் ஒரு சாம்பல் உரு, கையில் ஒரு காப்புடன். யாருக்கோ உடம்பு சரியில்லாத மனைவி இருக்கலாம், குழந்தை இருக்கலாம். அவன் காப்பைத் திரும்பத் தன் கையிலேயே மாட்டிக்கொண்டான்.

"நீங்க போங்க," என்றாள் தன்ஷிகா, அவனைப் பார்க்காமல். "நான் இவளோட இருக்கேன். கொஞ்ச நேரம் இருக்கலாம், ஒண்ணும் ஆவாது."

சங்கு ஊதியது. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். நின்றுவிட ஓர் அடி பக்கவாட்டில் எடுத்து வைத்தால் போதும்; அவன் வைக்கவில்லை. கதவு அவன் காப்பைப் படித்துத் திறந்தது. உள்ளிருந்து வந்த காற்றில் அவன் உடம்பு குளிர்ந்தது. உடம்புக்கு அது பிடித்திருந்தது, அதை அவனால் தடுக்க முடியவில்லை.