பயன்பாட்டில் இருப்பவள்

நடைபாதையில் அவள் நடந்துகொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. ஆள் வந்தால் தானாக எரிந்து, ஆள் போனபிறகு அணையும் விளக்கு அது. டாச்சியானா இரண்டு கையையும் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். எரியவில்லை. கழிவறைக் குழாயடியில் கையை நீட்டினாள். அதுவும் சட்டை செய்யவில்லை. சோப்பு நுரை விரலிடுக்கில் பிசுபிசுக்க, ஏதோ கோளாறு என்று முணுமுணுத்துக்கொண்டே, ஈரச் சுண்ணாம்பு வாடையடித்த சுவரைத் தடவித் தடவித் தன் மேசைக்குத் திரும்பினாள்.

திமிஷ்வாரா நகரில் பழைய நூற்பாலை இருந்த இடத்தில் எழும்பிய கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடி அது. கதவு, விளக்கு, லிஃப்ட் எல்லாம் ஆளை அடையாளம் கண்டு தானே இயங்கும்படி நிரல் எழுதுகிற கம்பெனி. எழுதியதை முதலில் தங்கள் கட்டடத்திலேயே ஓட்டிப் பார்ப்பார்கள். மறுநாள் புனித நிக்கோலஸ் திருநாள் என்பதால் மூன்று மணிக்கே எல்லாரும் கம்பி நீட்டிவிட்டார்கள். டாச்சியானா மட்டும் மாட்டிக்கொண்டாள். நிரல் முழுவதையும், தானே படித்துத் திருத்துகிற ஏஐ ஏஜென்ட்டை வைத்துத் தணிக்கை செய்து சீர்படுத்திவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று மேலாளர் ராஸ்வான் சொல்லியிருந்தான். தெருவின் எதிர்ச்சாரியில் இருந்த மழலையர் பள்ளியை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அவளுடைய நாலு வயது மகள் இலிங்கா அங்கே காத்திருப்பாள்.

தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் பார்த்தாள். ஏஜென்ட் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுமதி கேட்டது. அவளும் படித்துப் பார்த்துச் சம்மதம் கொடுத்தாள். இப்படி ஓயாமல் நச்சரித்தால் யாருக்குத்தான் அலுக்காது? கடைசியில், இனி என்னைக் கேட்க வேண்டாம், ஒன்றுக்கு இரண்டாக இருப்பதில் பயன்பாட்டில் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கு என்று தட்டிவிட்டு எழுந்துபோனாள். அந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் செய்கிற காரியம்தான்.

இப்போது திரையில் வேலை முடிந்திருந்தது. கடைசி வரி இப்படி இருந்தது: டாச்சியானா மோல்தோவான் இரண்டு பேராக இருந்தார். ஒருவர் நீக்கப்பட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அங்கே நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் பெயர், முகம், நடை எல்லாவற்றையும் கொடுத்து ஒரு சோதனை ஆளைச் செய்துவைத்துக்கொள்வார்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கதவைச் சோதிக்கலாம் அல்லவா? அந்த ஆளுக்கு உடம்பு கிடையாது, கணக்கில் மட்டும்தான் இருப்பு. உள்ளே போவது, வெளியே வருவது, மறுபடி உள்ளே போவது, இரவு பகலாக அதற்கு இதுதான் வேலை. அதைத்தான் நீக்கியிருக்கும் என்று நினைத்தாள். நினைத்தவள் அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தாள். அவள் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் அந்தக் கதவைக் கடக்கிறாள். மற்றவளோ ஓய்வே இல்லாமல் கடக்கிறாள். இரண்டு பேரில் அதிகம் பயன்பாட்டில் இருப்பது யார்?

படிக்கட்டுக்குப் போகும் கண்ணாடிக் கதவருகே ஓடினாள். அது திறக்கவில்லை. தோளால் இடித்தும் அசையவில்லை. திரும்பி வந்து, நீக்கியதைக் கொண்டு வா என்று தட்டினாள். பதில் உடனே வந்தது.

"கட்டளை தர உரிமையுள்ளவர் இருக்கையில் இல்லை. படியிறங்கிக்கொண்டிருக்கிறார்."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் படிக்கட்டு விளக்கு எரிந்தது. அடுத்து அதற்குக் கீழே உள்ளது. பிறகு அதற்கும் கீழே உள்ளது. யாரையும் காணோம். காலடிச் சத்தம் மட்டும் கேட்டது, இடது காலைச் சற்று அழுத்தி வைக்கிற நடை. அது அவள் நடை. அவளுக்குத் தெரியாதா?

காவலாளி சோரினை இன்டர்காமில் கூப்பிட்டுக் கதவு திறக்கவில்லை, மேலே வாருங்கள் என்று கெஞ்சினாள்.

"யாரு பேசறது? நாலாவது மாடில ஆளே இல்லன்னு காட்டுதே."

"நான்தான் சோரின், டாச்சியானா."

"வெளையாடாதீங்க. அந்தம்மா இப்பத்தான் என்னைத் தாண்டிப் போனாங்க. பண்டிகையாச்சேன்னு மிட்டாய் நீட்டினேன், திரும்பிக்கூடப் பாக்கல."

வைத்துவிட்டார்.

கைபேசியில் பள்ளிக்கூடத்தை அழைத்தாள். ரோடிகா டீச்சர் எடுத்தார். இலிங்காவின் அம்மா பேசுகிறேன், யார் வந்து கேட்டாலும் குழந்தையை அனுப்பாதீர்கள் என்றாள்.

"இலிங்காவோட அம்மா இங்கதான் நிக்கறாங்க. நீங்க யாருங்க?"

"அது நான் இல்ல டீச்சர். அவ கையை விடச் சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்."

அப்போது தள்ளி எங்கோ இலிங்காவின் குரல் கேட்டது. "அம்மா, கை வலிக்குதும்மா."

டாச்சியானாவிடம் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

நாற்காலியைத் தூக்கித் தெருப்பக்கக் கண்ணாடியில் அடித்தாள். கீறல்கூட விழவில்லை. தெருவில் மூடுபனி. டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. அது விலகியதும் இருவரும் தெரிந்தார்கள். அவள் உயரம். அவள் தோள். கைப்பிடியில் இலிங்கா.

வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராக இந்தக் கட்டடத்துக்கு வந்தார்கள். நேர் கீழே வாசல். கதவு திறந்தது. உள்ளே போனார்கள்.

வெளியே வந்தார்கள்.

மறுபடி உள்ளே. மறுபடி வெளியே.

இலிங்கா அழுதாள். காலை ஊன்றி இழுத்தாள். கூட்டிப்போனவள் நிற்கவில்லை. உள்ளே. வெளியே. டாச்சியானா தொண்டை கிழியக் கத்தினாள். கண்ணாடியை அறைந்தாள். மூச்சு படிந்த இடத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். உள்ளே. வெளியே.

வாசல் விளக்கடியில் அந்தப் பெண் நிமிர்ந்தாள். அடையாள அட்டைப் படத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு. கண் இமைக்கவில்லை. சிரிப்பு மாறவில்லை.

உள்ளே.

இம்முறை வெளியே வர நேரமானது. வந்தபோது இலிங்கா அழவில்லை. இழுக்கவும் இல்லை. இடது காலைச் சற்று அழுத்தி வைத்து, அடிக்கு அடி சரியாக நடந்தாள். விளக்கடியில் நின்றாள். நான்காம் மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

அதே சிரிப்பு.