பொட்டு வைத்த நெட்வொர்க் கார்டு

ஜீவிதா செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டாள். வேதாரண்யத்தில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் நீலாயதாட்சியின் வீட்டுக்குள் அப்படி நுழைந்தவர்கள் கிடையாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபிறகு செருப்பைப் பற்றிப் பேச யாருக்கு வாய் வரும்?

“அம்மா, எம்புருஷனை நானே கொன்னுட்டேன்னு சொல்றாங்க. புள்ளையையும் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க.”

“உட்காரும்மா. முதல்லேருந்து சொல்லு.”

மீனவர் சங்கத்து எச்சரிக்கை அறையில் அவளுக்கு வேலை. புயல் செய்தி கேபிள் வழியே அங்குள்ள கம்ப்யூட்டருக்கு வந்தால் கரையில் சைரன் தானாகவே ஊதும். ஆயுத பூஜைக்கு மறுநாள் செய்தி வந்தது, சைரன் ஊதவில்லை. தனியாகப் படகெடுத்துப் போன அவள் கணவன் நிதிஷ் பிணமாகத்தான் கரை சேர்ந்தான். பூஜைக்கு முந்தின நாள் இருவருக்கும் சண்டை. அந்தக் கோபத்தில்தான் மருமகள் சைரனை நிறுத்திவிட்டாள் என்று மாமியார் காளியம்மாள் ஊரெல்லாம் சொல்லி, குழந்தை பூமிகாவைத் தூக்கிப் போய்விட்டாள். சாயங்காலம் ஊர்க்கூட்டம். ஊரும் ஆமாம் போட்டால் குழந்தை இனி காளியம்மாளிடம்தான்.

“செய்தி அறை வரைக்கும் வந்து சேர்ந்துடுச்சுன்னு அனுப்பினவங்க சொல்றாங்க. சத்தியமா என் திரையில ஒண்ணுமே வரலைம்மா. காலையில சைரன் பட்டனை அமுக்கிப் பார்த்தேன், நல்லாத்தான் ஊதுச்சு.”

“அறைச் சாவி யார்கிட்ட?”

“எங்கிட்டதாம்மா. வீட்டு ஆணியில மாட்டியிருக்கும்.”

நீலாயதாட்சி சுஹைபைக் கூப்பிட்டார். துபாயில் வேலை பார்த்துத் திரும்பி, கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். துப்பு என்று சொன்னால் போதும், அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

எச்சரிக்கை அறையில் அவன் தன் லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியே ஒரு செய்தி அனுப்பினான். கம்ப்யூட்டரின் பின்பக்கம் நெட்வொர்க் கார்டின் பச்சை விளக்கு படபடவென்று சிமிட்டியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

“கார்டுக்கு வந்துடுச்சு மேடம். பிராசஸருக்குத்தான் தெரியல.”

“ஏன் தெரியல?”

“அது வாசலையே பார்த்துக்கிட்டு நிக்காது மேடம். அது பாட்டுக்கு வேற வேலை பார்க்கும். செய்தி வந்ததும் கார்டுதான் ஒரு கம்பி வழியா மணி அடிக்கும். இன்டரப்டும்பாங்க. மணி கேட்டாத்தான் கைவேலையைப் போட்டுட்டு வந்து வாங்கும். கேக்கலைன்னா செய்தி வாசல்லயே கிடந்து வீணாப் போகும்.”

பெட்டியைத் திறந்தவன், “அடேயப்பா!” என்றான்.

கார்டில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. கீழே ஒரு காலி இடுக்கைச் சுற்றி வருஷக்கணக்கில் படிந்த தூசி. கார்டு இருந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இப்போது அது மேலே, சைரனை இயக்கும் கார்டுக்குப் பக்கத்தில் செருகியிருந்தது. திருகாணிக்குப் பதில் நீல வலைநூலால் ஒரு கட்டு.

“இந்தப் பழைய போர்டுல இடம் மாறினா மணிக்கம்பியும் மாறும். இப்ப ரெண்டு கார்டுக்கும் ஒரே கம்பி. மணி அடிச்சா சைரன் கார்டோட புரோகிராம் முந்திக்கிட்டு வந்து, எனக்கு ஒண்ணும் இல்லையேன்னு கதவைச் சாத்திடுது. பக்கத்து வீட்டுக்கா இருக்குமோன்னு கேக்கத் தெரியாது அதுக்கு.” அவன் குரல் உயர்ந்தது. “இது சங்கச் செயலாளர் நீலமேகம் வேலைதான் மேடம்! ஐஸ் கம்பெனி அவரோடது. சைரன் ஊதினா படகு போகாது, ஐஸ் விக்காது!”

“பறக்காதே. அந்த முடிச்சை அவிழ்க்காம, நூலை மட்டும் வெட்டி எடு.”

சாயங்காலம் சங்க மண்டபத்தில் நிற்க இடமில்லை. காளியம்மாள் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். மருமகள் பக்கம் திரும்பவே இல்லை.

கார்டு இடம் மாறியதைச் சொல்லிவிட்டு, “கெடுக்க வந்தவன் பொட்டு வைப்பானா?” என்று கேட்டார் நீலாயதாட்சி. சுஹைப் தலையைச் சொறிந்தான். அவர் தொடர்ந்தார். “பூஜைக்காகக் கழட்டித் துடைச்சு, பழைய இடம் தெரியாம மாட்டியிருக்காங்க. ஜீவிதாவுக்கு அந்த இடம் தெரியும். திருகாணியும் அவ மேசையிலயே கிடக்கு, நூலைத் தேட வேண்டியதில்லை. நீலமேகம் பூஜையன்னைக்கு வெளியிலயே மாலை போட்டுட்டுப் போயிட்டார், எல்லாரும் பார்த்தீங்க. அவர்கிட்ட சாவியும் கிடையாது. சாவி தொங்குனது ஜீவிதா வீட்டுல.”

நூலைக் காளியம்மாளிடம் நீட்டினார். “ஆயுசு பூரா வலை முடிஞ்சவங்க நீங்க. பார்த்துச் சொல்லுங்க.”

அவள் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நொட்டாங்கை முடிச்சு” என்றாள் கடைசியில். “எம்புள்ளை போட்டது. மாத்திப் போடாதேடான்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன்.”

ஜீவிதா வாய்விட்டு அலறிவிட்டாள். “சண்டை போட்ட மனுஷன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வந்து துடைச்சு வச்சிருக்காரே!”

“அப்ப அவனே தன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டானா?” என்றது பின்னால் ஒரு குரல்.

“வாயை மூடுடா!” காளியம்மாள் எழுந்துவிட்டாள். “கட்டினவ மெஷினுக்குப் பொட்டு வச்சான். அதுல என்னடா தப்பு?”

மருமகளிடம் நடந்து வந்து குழந்தையை நீட்டினாள். “ராத்திரியெல்லாம் உன்னைத்தான் கேட்டு அழுவுது. வாங்கிக்க.”

ஜீவிதா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஊர் மெல்லக் கலைந்தது.

“வேற யாரோட முடிச்சோன்னு நீங்க சொல்லியிருந்தா ஊரு நம்பியிருக்கும் அத்தை” என்றாள்.

“நம்பியிருக்கும்” என்றாள் காளியம்மாள்.