ஈப்பன் சார் எழுதிய வரி

மழை பிடித்த ஒரு பிற்பகலில் எங்கள் திருவனந்தபுரம் ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மூலையில் வென்டிலேட்டர் ஒன்று, நோயாளிக்குப் பதிலாக மாட்டிய ரப்பர் பையை ஊதி ஊதி இறக்கிக்கொண்டிருந்தது.

அந்த எந்திரத்தை இயக்கும், சி மொழியில் எழுதிய நிரலைச் சுத்தம் செய்வதுதான் என் வேலை. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அதற்கு வேண்டிய ஹெடர்களை, அதாவது துணைக்கோப்புகளை, சேர்க்கும் வரிகள் இருக்கும். வேண்டாததும் வருஷக்கணக்கில் சேர்ந்து குப்பையாகிவிட்டது. நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். ஒரு வரியை அழிக்கும், மிச்ச நிரலை எந்திரமொழிக்கு மாற்றி, கம்பைல் செய்து பார்க்கும். பிழை காட்டாமல் ஓடினால் அந்த வரி வேண்டாதது. ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறேன் என்று அப்போது தெரியாது.

"சேச்சி, சீக்கிரம். சாயங்காலம் ஐ.சி.யூ. மெஷின்ல எல்லாம் இத ஏத்தணும். எங்கம்மாவுக்கு மாட்டியிருக்கற மெஷினும் அதுல ஒண்ணு" என்றான் கூட வேலை செய்யும் ஸ்மிதேஷ்.

அலாரம் கோப்பில் ஒரு வரி அழிந்தது. கம்பைல் ஓடியது.

திரும்பப் பார்த்தேன். வரி அங்கேயே இருந்தது.

மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. திரையில், கோப்பைக் கடைசியாக மாற்றியவர் பெயர்: ஈப்பன்.

இந்த நிரலை முதலில் எழுதிய ஈப்பன் சார், போன கர்க்கடக மாசத்தில் இறந்துபோனவர்.

"போனவரு பாஸ்வேர்டையும் கையோட கொண்டு போயிட்டாரா?" ஸ்மிதேஷ் சிரித்தபடி குனிந்து, தானே அழித்து, வரி திரும்பி வருவதற்குள் ஆய்வக வென்டிலேட்டரில் ஏற்றினான்.

ராஸ்னாதிப் பொடியின் வாசனை வந்தது. குளித்ததும் ஈப்பன் சார் உச்சந்தலையில் தேய்த்துக்கொள்வது.

ரப்பர் பை சுருங்கியது.

யாரும் எதையும் தொடவில்லை; ஆனாலும் அப்புறம் ஊதவே இல்லை.

அலாரம் அடிக்கவில்லை. காதருகே யாரோ முனகினார்கள்.

"அத எடுக்காதே மோளே..."

பயத்தில் கத்திவிட்டேன். ஸ்மிதேஷ் முகம் வெளுத்து அந்த ஹெடரைத் திறந்தான். உள்ளே ஒரே ஒரு பெயர். அந்தப் பெயர் இருந்தால் அலாரத்தைச் சேர், இல்லாவிட்டால் விட்டுவிடு என்று நிரலில் ஏற்பாடு. பெயரே இல்லாவிட்டாலும் கம்பைலர் ஒரு வார்த்தை முணுமுணுக்காது. ஓடுகிறதே என்று நம்பி, மூச்சு நின்றால் கூவும் குரலையே வெட்டிப்போட்டிருந்தேன்.

வரியைத் திரும்பச் சேர்த்து ஏற்றினோம். அலாரம் வீறிட்டது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

"நல்லவேளை, இன்னும் அங்க அனுப்பல" என்று ஸ்மிதேஷ் வார்டு நர்ஸை போனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டான். "சிஸ்டர், இன்னிக்கு அம்மா மெஷின்ல புதுசு எதையும் ஏத்த வேண்டாம். நாங்க சொல்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"அதான் உங்க ஆபீஸ் சார் வந்து சொல்லிட்டாரே. ஈப்பன்னு பேர் சொன்னாரு. மத்தியானத்துலேர்ந்து அம்மா கட்டிலை விட்டு நகரல." நர்ஸின் குரல் தாழ்ந்தது. "ஆனா மோனே, ரொம்ப நேரமா பாத்துட்டேதான் இருக்கேன். அந்த மனுஷன் மூச்சே விடல."